பிடியும் பிடிவாதமும்

எழுதி அலுத்த கைக்கு இழைப்புளி பிடித்துப் பார்க்க ஆசை வந்தது. தச்சு மேஜை ஒன்று செய்யச் சொன்னேன். அதன் முகப்பில், பலகையைக் கவ்விப் பிடிக்கும் ‘வைஸ்’ பொருத்த வேண்டும். எதைப் பொருத்துவது என்பதில்தான் குழப்பம்.

இரும்பு வைஸ் 7 அங்குலம், 9 அங்குலம் என்று கடையில் கிடைக்கிறது. நடுவே திருகு, இருபுறமும் தாடையைத் தாங்கும் கம்பிகள். மேல்நாட்டுத் தச்சர்களின் மர வைஸ் வேறு மாதிரி. அதன் தாடை மேஜைக்காலை ஒட்டித் தரைவரை இறங்கும். அடியில் துளையிட்ட சட்டம் ஒன்று உண்டு. பலகையின் தடிமன் மாறினால், குனிந்து முளையை வேறு துளைக்கு மாற்ற வேண்டும். லண்டனில் ஜோசப் மாக்ஸன் 17-ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட கைத்தொழில் நூலின் படத்தில் இரட்டைத் திருகு வைஸே இருக்கிறது!

“எது அதிக இறுக்கமாகப் பிடிக்கும்?” என்று ஆசாரியாரைக் கேட்டேன்.

“இறுக்கம் எதிலேயும் வரும் ஐயா. எதைப் பிடிக்கப் போறீங்க, அதைச் சொல்லுங்க” என்றார் அவர். அவருடைய தகப்பனார் தரையில் அமர்ந்து, காலால் பலகையை அணைத்துக்கொண்டே இழைத்தவராம்.

9 அங்குல இரும்பு வைஸையே வாங்கினேன். முதல் நாளே ஒரு தேக்குப் பலகையைப் பலங்கொண்ட மட்டும் முடுக்கினேன். எடுத்துப் பார்த்தால் இரு முகத்திலும் தழும்பு! ஆசாரியார் தாடைகளின் உட்புறம் மரத்துண்டுகளைப் பொருத்தினார். இன்னொன்றும் சொன்னார். பலகையை ஓர் ஓரத்தில் மட்டும் கவ்வ வைத்தால் தாடை கோணிக்கொள்ளும், பிடி நிற்காது. மறு ஓரத்தில் அதே தடிமனுள்ள கட்டை ஒன்றை வைக்க வேண்டும்.

கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, என் மனம் அங்கே இல்லை. என் மகளுக்குப் புனேயில் வேலை கிடைத்து ஒரு வாரமாகியிருந்தது. நான் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. மௌனமும் ஒரு பிடிதான் அல்லவா?

அன்பு எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குப் பிடியும் இறுக வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். விட்டுவிடுவதே அன்பு என்று வாதிடுவோரும் உண்டு. அதையும் நான் ஒப்பவில்லை. பிடிக்காத பலகையில் இழைப்புளி ஓடாது, பலகைதான் ஓடும். கைப்பிடித்து நடத்தாமல் எந்தக் குழந்தை வளர்ந்தது? பிடிப்பதா, விடுவதா என்பதன்று கேள்வி. எதற்காகப் பிடிக்கிறோம் என்பதே கேள்வி.

தச்சனுடைய இரு கைகளும் வேலை செய்வதற்காகவே வைஸ் பிடித்துக்கொள்கிறது. வேலை முடிந்ததும் அவன் திருகைத் தளர்த்திவிடுகிறான். நானோ பிடிப்பதையே வேலையாக்கிக் கொண்டிருந்தேன். என் மகளிடத்தில் நான் இழைக்க வேண்டியது இனி ஒன்றுமில்லை. ஓர் ஓரத்தில் என் அச்சத்தை வைத்தேன். மறு ஓரத்தில் அவள் விருப்பத்தை வைக்க மறந்தேன். கோணியது என் தாடைதான். பலகை வாய் திறந்து சொல்லாது. அவள் சொல்லியும் எனக்குக் கேட்கவில்லை.

அன்று மாலை, “போய் வா அம்மா” என்றேன்.

“நிஜமாகவா அப்பா?” என்றாள். அந்தக் கேள்வியில், ஒரு வாரமாக நான் முடுக்கியதன் தழும்பு தெரிந்தது.

ரயிலடியில் அவள் பெட்டியைக் கொஞ்சம் அதிக நேரமே பிடித்துக்கொண்டிருந்தேன். பழகிய கை! அவள்தான் சிரித்துக்கொண்டே மெல்ல வாங்கிக்கொண்டாள்.