பிள்ளைகுட்டிக்காரர்

"நான் பிள்ளைகுட்டிக்காரன், ஐயா!"

இந்த வாக்கியத்தைச் சொல்லாதவர் நம்மில் யார்? ஆபீசில் ஓர் அநியாயம் நடக்கிறது. கையெழுத்துப் போடவேண்டிய நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். மனம் வேண்டாம் என்கிறது. உடனே மேலதிகாரியின் முகம் நினைவுக்கு வருகிறது. மாதத்தின் முதல் தேதி நினைவுக்கு வருகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பையன் நினைவுக்கு வருகிறான். கையெழுத்தைப் போட்டுவிடுகிறோம். ஏன் போட்டாய் என்று கேட்பவரிடம் இந்த வாக்கியத்தைச் சொல்கிறோம். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தாமே!

இதைக் கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பெற்ற பிள்ளைக்குச் சோறு போடுவதும் தருமந்தான். அப்பா கொள்கை வீரராக இருக்க, அம்மா தாலிச் சரட்டை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்கு நடந்த வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் போய், "உங்கள் தகப்பனார் ஒரு மகான்" என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் முகத்தில் தோன்றுவது பெருமையாக மட்டும் இராது.

அப்படியானால் நல்ல தகப்பன், நல்ல உத்தியோகஸ்தன், நல்ல மனிதன் என்ற மூன்று பெயரையும் ஒருவனே எடுக்க முடியுமா? மூன்றும் ஒன்றோடொன்று மோதும் நாளில் அவன் எதை விடுவது?

இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் போர்ச்சுகல் நாட்டு அதிகாரி ஒருவரை நான் நினைத்துக்கொள்வதுண்டு. அரிஸ்டிடெஸ் டி சோசா மென்டெஸ் என்பது அவர் பெயர். 1885-இல் பிறந்தவர். சட்டம் படித்து, வெளிநாட்டு இலாகாவில் சேர்ந்து, சான்சிபார், பிரேசில், அமெரிக்கா, பெல்ஜியம் என்று ஊர் ஊராக மாற்றலாகிக் கான்சல் வேலை பார்த்தவர். அவரும் மனைவி ஆஞ்செலினாவும் பெற்ற குழந்தைகள் 14. குடும்பம் சாதாரண மோட்டாரில் அடங்காது என்று பெரிய வண்டி ஒன்றையே தனியாகச் செய்துகொண்டார் என்றால், அவர் எப்படிப்பட்ட பிள்ளைகுட்டிக்காரர் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

1938-இல் அவர் பிரான்ஸில் உள்ள போர்டோ நகரத்துக்கு வந்தார். மறு ஆண்டு யுத்தம் மூண்டது. 1939 நவம்பரில் தலைநகர் லிஸ்பனிலிருந்து 14-ஆம் எண் சுற்றறிக்கை வந்தது. நாடற்றவர்களுக்கும், சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களுக்கும், இன்னும் சிலருக்கும் மேலிடத்தின் முன் அனுமதி இல்லாமல் விசா கொடுக்கக் கூடாது என்பது உத்தரவு.

1940 ஜூன் 14-ஆம் தேதி ஜெர்மானியப் படை பாரிஸுக்குள் புகுந்தது. உயிருக்குப் பயந்த ஜனங்கள் தெற்கே ஓடிவந்து போர்டோவில் குவிந்தார்கள். ஸ்பெயினைக் கடந்து தப்பவேண்டுமானால் போர்ச்சுகல் விசா வேண்டும். கான்சலின் வீட்டு வாசலிலும் படிக்கட்டிலும் கூட்டம் நெருங்கியது.

அந்தக் கூட்டத்தில் க்ரூகர் என்ற யூத மதகுரு இருந்தார். அவருக்கு மனைவியும் ஐந்து குழந்தைகளும். சோசா மென்டெஸுக்கு அவரோடு பழக்கம் ஏற்பட்டது. 'உமக்கும் உம் குடும்பத்துக்கும் விசா வாங்கித் தருகிறேன்' என்றார். மதகுரு மறுத்துவிட்டார். வெளியே நிற்கும் தம் மக்கள் எல்லாருக்கும் கிடைக்காத விசா தமக்கும் வேண்டாம் என்றார்.

வாசகர்களே, இந்த இடத்தில் நான் சற்று நின்றுவிடுகிறேன். அவரும் ஒரு தகப்பன். தம் ஐந்து குழந்தைகளின் உயிரைக் கையில் வைத்துக் கொடுத்தபோது வேண்டாம் என்றார். அது சரியா என்று என்னைக் கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தைரியம் இல்லை. ஆனால் அந்த மறுப்பு எதிரே இருந்த தகப்பனை உலுக்கிவிட்டது. சோசா மென்டெஸ் சில நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஏறத்தாழ 30 வருஷ உத்தியோகமும், 14 பிள்ளைகளும், வாசலில் நின்ற கூட்டமும் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றிருக்க வேண்டும்.

ஜூன் 17-ஆம் தேதி எழுந்தார். கேட்கிறவர் யாராயிருந்தாலும் விசா கொடுக்கச் சொன்னார். மகன் உதவினான், மதகுருவும் உதவினார். கையெழுத்திட்டுக் கையெழுத்திட்டு, நீண்ட பெயர் கடைசியில் 'மென்டெஸ்' என்று சுருங்கிப்போயிற்று. பிறகு பயோன் நகரத்துக்கும், எல்லையை ஒட்டிய ஆந்தாய்க்கும் போய் அங்கேயும் வழி திறந்துவிட்டார். தப்பியவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்.

விலை என்ன? அப்போது பிரதமரும் வெளிநாட்டு மந்திரியுமாக இருந்தவர் சலசார். அவ்வாண்டு அக்டோபரில் தண்டனை வந்தது. ஒரு வருஷம் பாதிச் சம்பளம். அப்புறம் கட்டாய ஓய்வு. கடன் ஏறியது. லிஸ்பனில் யூத சமூகத்தார் அகதிகளுக்காக நடத்திய சாப்பாட்டுக் கூடத்தில் அந்தக் குடும்பம் போய்ச் சாப்பிட்டது. பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் பல நாடுகளுக்குச் சிதறினார்கள். 1954 ஏப்ரல் 3-ஆம் தேதி, வறுமையில், அவர் இறந்தார்.

அவரைக் குறையற்ற மனிதர் என்று காட்ட நான் விரும்பவில்லை. மனைவியல்லாத ஒரு பெண்ணோடு அவருக்கு அப்போது உறவு இருந்தது; அதில் ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. ஆஞ்செலினா பட்ட வேதனையை எந்த விசாவும் அழித்துவிடாது. உத்தரவை அவரவர் மனம் போல மீறலாம் என்றும் நான் சொல்லவில்லை. அப்படி மீறும் அதிகாரிகளால் ஏழைகளுக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம். ஆனால் இவர் ஒளிந்து மீறவில்லை; தம் பெயரை எழுதி, அரசாங்க முத்திரையைக் குத்தி மீறினார். அதற்குரிய தண்டனையையும் தாமே சுமந்தார்.

தாமே சுமந்தாரா? இல்லை, பிள்ளைகளும் சுமந்தார்கள். அவர்களை யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஆகையால் தீர்ப்புச் சொல்லும் உரிமை எனக்கோ உங்களுக்கோ இல்லை, அவர்களுக்குத்தான் உண்டு.

அவர்கள் என்ன செய்தார்கள்? தகப்பனார் செய்ததை ஒரு மகன் 1951-இலேயே புத்தகமாக எழுதினார். மற்றப் பிள்ளைகளும் அவர் பெயரை மீட்கப் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். 1966-இல் ஜெருசலேமின் யாத் வாஷெம் அவரைக் கௌரவித்தது. 1988-இல் போர்ச்சுகல் பாராளுமன்றம் அவர்மீது சாட்டிய குற்றங்களை நீக்கியது. 2021-இல் தேசத்தின் பெரியோர் நினைவாலயத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. கைவிட்டுப்போன அவர் குடும்ப வீடு 2024-இல் நினைவுக் காட்சியகமாகத் திறக்கப்பட்டது. சோற்றுக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள், தங்களை நிற்கவைத்த தகப்பனுக்காக ஆயுளைச் செலவிட்டார்கள். இதைவிடப் பெரிய சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

நமக்கு அந்தச் சோதனை வரவில்லை, வரவும் வேண்டாம். நம் மேஜைக்கு வருவது பெரும்பாலும் சின்னக் காகிதம். மறுத்தால் போவது பிள்ளையின் சோறு அல்ல. ஒரு பிரமோஷனோ, பிடித்தமான ஊரோதான். அதற்கும் நாம் பிள்ளைகளையே முன்னால் நிறுத்துகிறோம். அவர்கள் கேட்காத ஒன்றை அவர்கள் பெயரால் வாங்கிக்கொள்கிறோம்.

இனி அந்த வாக்கியம் வாயில் வரும்போது, மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்போம். அவருக்கும் வீட்டில் ஒரு பையன் இருக்கலாம்.