பிஞ்சு நெஞ்சும் புதினமும்

ஊரிலே சிறுவர் படிப்பு மன்றம் ஒன்று தொடங்குகிறோம். பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறார் ஒருசிலர். திங்களுக்கு ஒரு புதினம். படித்தபின் கூடிப் பேச்சு. இடம் கிடைத்துவிடும், ஏடுகளும் கிடைத்துவிடும். எந்தப் புதினம் என்று கேட்டவுடன்தான் பெரியவர்களாகிய நமக்குள்ளே பூசல் பிறக்கிறது! "பேயும் பூதமும், சாபமும் வரமும் வரும் ஏடுகளைத் தள்ளுங்கள், நம் கொள்கைக்கு ஒத்ததை மட்டும் கொடுங்கள்" என்பார் ஆர்வமிக்க தோழர். நல்லெண்ணம்தான், ஐயமில்லை. ஆனால் தோழர்களே, முடிவை முன்கூட்டியே சமைத்துக் குழந்தையின் வாயில் ஊட்டும் வேலையைத்தானே மடங்களும் செய்தன? ரோமாபுரித் திருச்சபை, படிக்கக்கூடாத நூல்களுக்கென்றே ஒரு பட்டியலை 1559இல் வெளியிட்டு, 1966 வரை கட்டிக்காத்தது. பட்டியலிலே பெயர்களை மாற்றி எழுதிவிட்டால், அது பகுத்தறிவின் பட்டியலாகிவிடுமா?

அமெரிக்காவிலே, கன்கார்டு நகரப் பொதுநூலகம், மார்க் ட்வெயின் எழுதிய 'ஹக்கிள்பரி ஃபின்' புதினத்தை 1885இல் விலக்கிவைத்தது. முரட்டு நடை, கொச்சை மொழி, சிறாருக்கு ஆகாது என்றனர் கனவான்கள். அந்த ஏட்டில் நடப்பது என்ன? அடிமைமுறை ஒழியாத காலம். குடிகாரத் தந்தையின் அடிக்குத் தப்பிய சிறுவன் ஒருவன். எஜமானியிடமிருந்து தப்பிய ஜிம் என்னும் கறுப்பர் ஒருவர். மிசிசிப்பி ஆற்றிலே ஒரு தெப்பம். ஓடிவந்த அடிமைக்குத் துணைபோவது திருட்டு, பாவம், நரகத்துக்கு வழி! ஊர் அவனுக்குக் கற்பித்த நீதி இது. அஞ்சிய சிறுவன், ஜிம்மைக் காட்டிக்கொடுத்துக் கடிதமும் எழுதிவிடுகிறான். எழுதியபின், ஜிம் தன்மீது பொழிந்த அன்பை எண்ணுகிறான். கடிதத்தைக் கிழிக்கிறான், நரகமானாலும் சரியே என்று துணிகிறான்!

நரகம் பொய் என்று தெளிந்தவனல்லன் அவன். நரகம் உண்டென்று நம்பிக்கொண்டே நண்பனைக் கைவிட மறுக்கிறான். நம் தோழரின் சல்லடையிலே இந்த ஏடு தங்குமா? தங்காது. ஆயினும், நாம் மேடையேறி முழங்கும் நூறு சொற்பொழிவு செய்யாததை அந்தக் கிழிந்த கடிதம் செய்துவிடும்.

இதே ஏட்டுக்கு எதிராக இன்னொரு குரலும் எழுந்தது. அதைக் கன்கார்டுக் கனவான்களின் குரலோடு சேர்த்துத் தள்ளுவது அநீதி. கறுப்பரை இழிக்கும் ஒரு சொல் அதிலே இருநூறு முறைக்கு மேல் வருகிறது. அதை வகுப்பறையிலே தம் பிள்ளைகள் கேட்டுக் கூனிக்குறுக வேண்டுமா என்று கறுப்பினப் பெற்றோர் பலர் இருபதாம் நூற்றாண்டிலே கேட்டனர். அந்தக் கேள்வி நம் திண்ணைக்கும் உரியது. ஒரு சாதியாரை நகைப்புக்குரியோராக்கும் புதினத்தை, அச்சாதிச் சிறுமி நடுவே அமர்ந்திருக்க, உரக்கப் படிக்கச் சொல்வோமா? நான் சொல்லமாட்டேன். அவளும் அவள் தோழியரும் எழுந்து, "எழுதியவர் ஏன் இப்படி எழுதினார்?" என்று அஞ்சாமல் கேட்கும் நிலை வரும்வரை அந்த ஏடு அலமாரியிலே இருக்கட்டும். வேண்டுவோர் எடுத்துத் தனியே படிக்கட்டும். கூட்டத்திலே படிப்பதற்கு அளவுகோல் வேறு: ஏட்டில் என்ன நம்பிக்கை இருக்கிறது என்பதைவிட, அதற்கு மறுமொழி கூறும் வலிமை கேட்கும் பிள்ளைக்கு இருக்கிறதா என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பேரறிஞர் ரூசோ, 1762இல் வெளிவந்த 'எமீல்' நூலிலே, தம் மாணவனுக்கு முதற்கட்டத்தில் ஒரே ஏடு போதும் என்றார்: 'ராபின்சன் குருசோ'. தன் கையே தனக்குதவி என்று கற்க நல்ல நூல்தான். ஆனால் அந்தக் குருசோ, அடிமைகளை வாங்கிவரக் கிளம்பிய பயணத்திலேதான் கப்பல் தரைதட்டித் தீவில் ஒதுங்கினான்! தான் காப்பாற்றிய மனிதனின் சொந்தப் பெயரைக் கேளாமல் 'வெள்ளிக்கிழமை' என்று பெயரிட்டான். தன்னை 'எஜமான்' என்றழைக்கக் கற்பித்தான். ஒற்றை ஏட்டோடு வளரும் பிள்ளை இதை ஒப்பிட்டுக் கேள்வி கேட்க எங்கே போகும்? குருசோவுக்கு அடுத்த திங்கள் ஹக்கிள்பரி வரட்டும். தெப்பத்தில் இருப்பவருக்குப் பெயர் உண்டு, குடும்பம் உண்டு, குரல் உண்டு. பிள்ளைகளே இரண்டையும் மோதவிட்டுப் பார்ப்பார்கள்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகளுள் ஒன்று, படிப்பவர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் வேண்டும் என்பது. படிப்பவருள் சிறாரும் அடக்கம்! ஆகவே, ஆண்டுக்குப் பன்னிரண்டு ஏடுகள் என்றால், ஆறையேனும் அவர்கள் கையை உயர்த்தித் தேர்ந்தெடுக்கட்டும். மந்திரவாதிக் கதையைக் கேட்டால் கொடுப்போம். நாம் போற்றும் புதினத்தை ஒரு சிறுமி பாதியிலே மூடி, "சலிப்பாக இருக்கிறது" என்றால், எங்கே சலித்தது என்று கேட்டறிந்து, அடுத்த திங்களுக்கான ஏட்டை அவளையே எடுக்கச் சொல்வோம்.