பழுதும் பழியும்

பழுதுற்ற பொருளை எறிதல் எளிது. ஆயின், பழுது எங்குள்ளது என்று ஆராயாமல் எறிதல் நீதியாகுமா?

கருவிகளை இட்டுவைக்கும் பை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ஜிப்பை இழுக்கிறோம், ரன்னர் ஓடுகிறது, அதன் பின்னேயே பற்கள் பிரிகின்றன. பற்கள் கெட்டன என்று பழி சுமத்திப் பையைக் கழித்துவிடுகிறோம். உண்மையிலோ பற்கள் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அவற்றை இணைக்கும் ரன்னரே நெடுநாள் உழைப்பால் வாயகன்றிருக்கும். அதன் இரு ஓரங்களையும் குறட்டால் சமமாக, சிறிது சிறிதாக நெருக்கினால் பை மீண்டும் மூடும். ஊசியும் நூலும் வேண்டா. 1917இல் அமெரிக்காவில் கிடியன் சண்ட்பேக் காப்புரிமை பெற்ற அமைப்பின் உயிர்நிலை அச்சிறு இடுக்கிலேதான் உள்ளது. அளவுமீறி நெருக்கினாலோ, வார்ப்பு உலோகம் வெடித்துவிடும். பல்லே உதிர்ந்திருப்பின் இம்முறை உதவாது. அதையும் ஆராய்ந்தே அறிய வேண்டும்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயை மட்டுமன்றி அதன் காரணத்தையும் நாடச் சொன்னார். அந்நெறி பைக்கு மட்டும் உரியதன்று.

பிறமொழி வழங்கும் நகரங்களில் வளரும் நம் பிள்ளைகள் வீட்டிலும் அந்நகர மொழியிலேயே விடையிறுக்கின்றனர். 'தமிழை விட்டுவிட்டார்கள்' என்று இளையோர்மேல் பழி சுமத்துவோர் உளர். இரு தலைமுறைகளையும் கோத்துச் செல்வது அன்றாடப் பேச்சு. உணவு வேளை உரையாடலும், உறங்குமுன் சொல்லும் கதையும் தளர்ந்தபின், பிரிந்த பற்களை நோவது முறையன்று. சினந்து நெருக்கினால் இருப்பதும் வெடிக்கும். நாள்தோறும் சிறிது, இருபுறமும் சமமாக நெருங்குவதே வழி.

பழுது நீங்காப் பையை எறியலாம். மக்களை எறிய நமக்கு உரிமையில்லை. ஆகவே பழிக்குமுன் இணைப்பை நோக்குவோம்.