வெறும் எம்.பி.பி.எஸ்.ஸா?

மயிலாப்பூரில் ஒரு வீட்டுப்பிள்ளை மருத்துவம் பயின்று முடித்ததும் உற்றார் கேட்கும் முதற்கேள்வி, "அடுத்து எந்தத் துறை?" என்பதே. "துறை ஏதுமில்லை, தெருமுனையில் ஓர் அறையெடுத்து வருவோர்க்கெல்லாம் மருத்துவம் பார்க்கப் போகிறேன்" என்று விடை வந்துவிட்டாலோ, வாழ்த்த வந்தோர் துக்கம் விசாரிக்கத் தொடங்குவர். "வெறும் எம்.பி.பி.எஸ்.ஸோடு நின்றுவிட்டாயா?"

வெறும்! ஐந்தரை ஆண்டு உழைப்புக்கு இந்நாடு சூட்டும் அடைமொழியைப் பாருங்கள்!

இதயம் பார்ப்பவர் உச்சியில். காய்ச்சல் பார்ப்பவர் அடியில். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லையென்று மேடையில் முழங்கிவிட்டு, தொழிலில் அதே ஏணியைச் சாத்தி வைத்திருக்கிறோம். பள்ளி ஆசிரியராகிய நமக்கு இது புதிதன்று. அகரம் கற்பிப்பவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைச் சம்பளப் பட்டியலே சொல்லுமே!

2019-ஆம் ஆண்டு மருத்துவப் படிப்பு விதிமுறை, மக்கள் முதன்முதல் நாடிவரும் மருத்துவரை உருவாக்குவதே இப்படிப்பின் நோக்கம் என்றது. நோக்கம் தெருமுனை, பயிற்சியோ பெருமருத்துவமனையின் துறைதோறும். படுக்கையில் கிடக்கும் நோயாளியைக் காணும் மாணவர், அவர் வீட்டு அடுப்பையும் கடனையும் காண்பதில்லை.

குடும்ப மருத்துவரின் அறிவு குறைந்த அறிவா? தியாகராயநகர்த் துணிக்கடையில் நாளெல்லாம் நின்று உழைக்கும் பெண் கால்வலியென்று வருகிறாள். எலும்பைப் படமெடுத்துப் பார்க்கலாம், நரம்பைச் சோதிக்கலாம். "அம்மா, கடையில் உட்கார இடமுண்டா?" என்று முதலில் கேட்பவரன்றோ நோயின் வேரைத் தொட்டவர்! உழைப்போர்க்கு இருக்கை தரவேண்டுமென்று தமிழ்நாடு 2021-இல் சட்டமே இயற்றியது. பாட்டியின் சர்க்கரை நோயையும், தந்தையின் குடியையும், மகளின் சோகையையும் ஒரே குடும்பக் கதையாகப் படிக்கத் தெரிந்தவர், தமக்கென ஒரு துறையில் வல்லுநரே.

"அப்படியானால் இளைஞர்கள் தியாகம் செய்யட்டும்" என்பர் சிலர். இங்கேதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். வியாசர்பாடியில் முதலில் இரண்டு ரூபாயும் பின்னர் ஐந்து ரூபாயும் பெற்று மருத்துவம் பார்த்த திருவேங்கடம் வீரராகவன் 2020-இல் மறைந்தபோது, அவரைத் தெய்வமென்றனர். அன்பு புரிகிறது, ஆனால் தெய்வமென்று கைகூப்பிவிட்டால் நம் கடமை தீர்ந்ததா? மனிதர் செய்ததை மற்றொரு மனிதரும் செய்யலாம்; தெய்வம் செய்ததை யார் செய்வது? பிறருடைய பிள்ளையைத் தியாகியாக்கித் தன் பிள்ளைக்கு இதயத்துறை தேடுவோரின் அறவுரை நமக்கு வேண்டாம். அடையாற்றில் அறைவாடகை தியாகத்தைக் கேட்டா குறைகிறது?

வேண்டுவது ஏற்பாடு. மருத்துவப் பேராசிரியர் கே. எஸ். சஞ்சீவி, அடையாற்றை ஒட்டித் தன்னார்வ மருத்துவப் பணியகத்தை 1958-இல் நிறுவினார். நோய் வருமுன்பே குடும்பங்கள் வருவாய்க்கேற்ற சிறுதொகையை ஆண்டுதோறும் செலுத்தும் திட்டத்தை வகுத்தார். சிற்றூர்களுக்குச் சிறு நலநிலையங்களைக் கண்டார். இருப்பவர் மிகுதியாகவும் இல்லாதவர் குறைவாகவும் தருவது. மருத்துவரோ எவர்முன்னும் கையேந்தவேண்டியதில்லை, எவரையும் கறக்கவேண்டியதுமில்லை. நோயாளி அடிக்கடி வந்தால்தான் வரவு என்ற நிலை மாறி, அவர் நலமாயிருந்தாலும் ஊதியமுண்டு என்றாகிறது. எளிய கணக்குத்தான், ஆனால் மருத்துவரின் மனத்தையே திருப்பிப் போடுகிற கணக்கு.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசென்றது. வாசலுக்கு மாத்திரை வந்தது. அவ்வீட்டாரைப் பெயர்சொல்லி அழைக்கும் மருத்துவர் ஒருவரும் தெருதோறும் வேண்டுமென்று, உரிய ஊதியத்தோடும் கல்லூரியில் தனித்துறையோடும், இனி எவர் கேட்பது? தோழர்களே, உங்கள் ஊர்மன்றக் கூட்டத்தில் அடுத்த தீர்மானமாக இதை எழுதுங்கள்.