வாசலில் நாய்

வங்கியில் மாற்றல் வந்து, சென்னையில் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். மனைவி, மகள், இரண்டு ராஜபாளையம் நாய்கள். நாய் என்ற சொல் வரும்வரை பேச்சு சுமுகமாகவே போகிறது. 2005ல் இந்தியத் தபால்தலையில் இடம்பெற்ற ஜாதி. மாடிப் போர்ஷனில் இடமில்லை.

வீட்டுக்காரர்களைச் சாடுவது சுலபம். கீழ்வீட்டுக் குழந்தையை நினைத்து ஒருவர் மறுத்தார். அந்தப் பயம் நியாயமானது. 1976ம் வருஷத்து 42வது திருத்தம் ஜீவகாருண்யத்தைக் குடிமகனின் கடமையாக்கிற்று. அதைக் காட்டி இன்னொருவர் வீட்டுச் சாவியைக் கேட்க முடியாது.

'ஊரில் யாரிடமாவது விட்டுவிட்டு வாருங்கள்' என்கிறார்கள் நண்பர்கள். மகாபாரதத்தில் இந்திரன் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். யுதிஷ்டிரன் நாயை விட்டுச் சொர்க்கம் வர மறுக்கிறான். உடனே நாய் தர்மதேவதையாகிவிடுகிறது. இந்த மாற்றம் எனக்கு உறுத்துகிறது. நாய் கடைசிவரை நாயாகவே இருந்து, வாசலும் திறக்காமல் போயிருந்தால்? மறுத்த கணத்தில் அவனுக்குத் தெரிந்தது, தன்னை நம்பிக் கூடவே வந்த பிராணி ஒன்று, அவ்வளவுதான். அவன் செயலின் மதிப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் அதற்குள் திரௌபதியும் தம்பிகளும் வழியில் விழுந்துவிட்டார்கள். இழப்பு அவன் ஒருவனுடையது. என் நிலை அப்படியில்லை. தாம்பரத்துக்கு அப்பால் தனிவீடு ஒன்று கிடைக்கும். அங்கிருந்து மகளின் பள்ளிக்கு ஒன்றரை மணி நேரம். நாய்களை வளர்க்க எடுத்தபோது வாக்குக் கொடுத்தவன் நான். அதற்காக விடியுமுன் எழுந்து பஸ் பிடிக்கவேண்டியவள் அவள். அவளைக் கேட்காமல் நான் தர்மனாக முடியாது.