யாருடைய நடை?

சர்க்கரை நோய்க்கு மாத்திரை எழுதித்தரும் மருத்துவர்கள் கூடவே ஓர் அறிவுரையும் சொல்வார்கள்: "தினமும் நடங்கம்மா." நல்ல அறிவுரைதான். ஆனால் கடமலைக்குண்டு, வருசநாடு பக்கத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணிடம் அதைச் சொன்னால், "நான் நடக்காத நடையா?" என்று அவர் திருப்பிக் கேட்க எல்லா நியாயமும் இருக்கிறது. மூல வைகையின் மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்த தண்ணீர், கரட்டிலிருந்து தலைச்சுமையாக வந்த விறகு, களையெடுப்பு, உரல், அம்மி, ஆட்டுக்கல் என்று அந்த உடல் ஓய்ந்ததே இல்லை. இத்தனைக்கும் பிறகு அவரை நடக்கச் சொல்கிறோம். உடலை அசைப்பது பெண்ணுக்குக் கடமையா, உரிமையா? அவள் உடல் யாருக்காக அசைய வேண்டும்?

வாழ்க்கை மாறும்போது உடலுக்கு என்ன ஆகிறது என்பதை நீண்ட காலம் அளந்து பார்த்த இடங்களில் ஒன்று, கனடாவின் வடகோடியிலுள்ள இக்லூலிக். அங்கு வாழும் இனுவிட் மக்களின் உடல்திறனை ராய் ஷெப்பர்டும் ஆண்ட்ரிஸ் ரோடும் 1970ஐ ஒட்டி அளக்கத் தொடங்கி, பத்தாண்டுகளுக்கு ஒருமுறை என 1990 வரை தொடர்ந்தார்கள். அந்த இருபது ஆண்டுகளில் மக்களின் மூச்சுத்திறன் குறைந்தது, தோலடிக் கொழுப்பு கூடியது. நாய்கள் இழுத்த சறுக்குவண்டியின் இடத்தில் பனிமோட்டார் வந்திருந்தது. வேட்டைக்காக முகாம் மாறி முகாம் போனவர்கள், அரசு கட்டிய குடியிருப்புகளில் பள்ளியையும் கடையையும் ஒட்டித் தங்கிவிட்டிருந்தார்கள்.

இதைக் கேட்டதும் நம் ஊரில் ஒரு பழைய பேச்சு கிளம்பும்: "அந்தக் காலத்துப் பொம்பளைக அம்மியில அரைச்சாங்க, ஆரோக்கியமா இருந்தாங்க." இதை யார் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் அரைத்தவர்கள் சொல்வதில்லை, அரைத்ததைச் சாப்பிட்டவர்கள்தான் சொல்கிறார்கள். 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது, பெண்களைச் சோம்பேறி ஆக்குகிறார்கள் என்ற முணுமுணுப்பும் எழுந்தது. கமலை இறைத்த ஆணுக்கு மோட்டார் பம்பு வந்தது, ஏர் பிடித்தவனுக்கு டிராக்டர் வந்தது. அவற்றுக்கு முன்னேற்றம் என்று பெயர். பெண்ணின் தோள்வலியைக் குறைக்க ஓர் இயந்திரம் வந்தால் மட்டும் அதற்குச் சோம்பல் என்று பெயர். ஆகவே பழைய உழைப்பைப் புனிதமாக்கும் வேலை நமக்கு வேண்டாம். குனிந்து குனிந்து தேய்ந்த முதுகுகளையும், சுமந்து சுமந்து இறங்கிய கருப்பைகளையும் அந்த ஆரோக்கியக் கணக்கில் யாரும் சேர்த்ததில்லை.

அதற்காக உடல் படும் பாட்டை மறுக்கவும் முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த மதிப்பீட்டின்படி, 2022இல் இந்தியப் பெண்களில் சுமார் 57 சதவீதத்தினருக்குப் போதிய உடல் இயக்கம் இல்லை. ஆண்களில் இது சுமார் 42 சதவீதம். இன்னொரு கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், கூலியில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டது தெரிந்தது. ஐந்து மணி நேரம் வீட்டு வேலை பார்ப்பவள்தான் 'போதிய இயக்கம் இல்லாதவள்' என்ற பட்டியலிலும் அதிகம் இருக்கிறாள்!

இது முரண்போலத் தெரிந்தாலும் முரணல்ல. இயந்திரம் வேலையின் பாரத்தைத்தான் எடுத்தது, வேலையை எடுக்கவில்லை. அடுப்படியில் நின்றபடி, பாத்திரத்தின் முன் குந்தியபடி, நாள் முழுவதும் கால் கடுக்கிறது, ஆனால் மூச்சு வாங்குவதில்லை. கடமலைக்குண்டு வட்டாரத்தின் இலவம் பஞ்சுத் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். காய் உடைத்துப் பஞ்சு பிரிக்கும் பெண் நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறாள். மூக்கில் தூசு ஏறுகிறது, இடுப்பு விட்டுப் போகிறது. இதை உழைப்பு இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? உடற்பயிற்சி என்றுதான் யாரால் சொல்ல முடியும்? கூலிக்காகப் படும் உடல் பாடு, விரும்பிச் செய்யும் பயிற்சியைப்போல இதயத்துக்கு நன்மை தருவதில்லை என்று டென்மார்க்கில் நடந்த ஆய்வுகளும் சுட்டிக்காட்டுகின்றன. எப்போது நிறுத்துவது, எப்போது மூச்சு விடுவது என்பதை உடலுக்கு உரியவளே முடிவு செய்ய முடிகிறதா என்பதில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள வருசநாட்டு மலையையே பார்க்கலாம். தமிழகத்தின் இந்த மலைகளில் கிழங்கு அகழ்ந்தும் தேன் எடுத்தும் வாழ்ந்த பளியர்களோடு 1960களில் தங்கி ஆய்வு செய்தவர் மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர். அவர்களிடையே ஒருவரை ஒருவர் அதிகாரம் செய்வது அவமதிப்பாகக் கருதப்பட்டதை அவர் எழுதியிருக்கிறார். சச்சரவு வந்தால் அடிதடி கிடையாது, விலகி நடந்துவிடுவார்கள். கணவன் மனைவிக்குள்ளும் அதுவே வழக்கம். பெண்ணின் கையில் கிழங்கு தோண்டும் கழி இருந்தது, காட்டின் தடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. தன் பசியைத் தானே தீர்த்துக்கொள்ள முடிந்தவளுக்கு, பிடிக்காத இடத்திலிருந்து எழுந்து போகவும் முடிந்தது.

அந்த வாழ்விலும் பசியும் நோயும் இருந்தன, அதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் அடிவாரக் குடியிருப்புகளுக்கு வந்து கூலி வேலையை நம்பத் தொடங்கியபோது, 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் போன்றவற்றின் விதிகளுக்குள் காடு போனபோது, நடந்த தூரம் மட்டுமா குறைந்தது? விலகிப் போகும் வழியும் குறைந்தது. இக்லூலிக்கில் அளந்தது மூச்சையும் கொழுப்பையும். இந்த இழப்பை அளக்கக் கருவி கிடையாது.

சமவெளிப் பெண்களான நமக்கு அந்த நடை வெகு சீக்கிரமே பறிபோகிறது. பத்து வயதுவரை தெருவில் ஓடுகிறோம், பாண்டி ஆடுகிறோம், மரம் ஏறுகிறோம். சடங்கு சுற்றிய மறுநாளிலிருந்து "குதிக்காதே", "சத்தமாய்ச் சிரிக்காதே", "ஆம்பளைப் பயலுக விளையாடுற இடத்துல என்ன வேலை?" அதன்பிறகு நம் கால்கள் ஒரு வேலைக்காகத்தான் வாசல் தாண்ட வேண்டும். கடைக்கு, குழாயடிக்கு, காட்டு வேலைக்கு, கோயிலுக்கு. காரணம் சொல்லாமல் நடக்கும் பெண்ணை ஊர் உற்றுப் பார்க்கும். முப்பது நாற்பது ஆண்டுகள் இப்படிப் பழக்கிவிட்டு, சர்க்கரை வந்தபிறகு "சும்மா நடங்கம்மா" என்கிறோம். அந்தச் 'சும்மா'வைத்தானே அவளுக்கு யாரும் அனுமதித்ததில்லை!

ஆகவே, உடலைப் பேணாதது அவள் குற்றம் என்று அறிவுரை சொல்வது அறமாகாது. தன் உடலைப் பேணும் பொறுப்பு ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆனால் நேரமும் இடமும் அச்சமின்மையும் இல்லாத ஒருவர்மேல் அந்தப் பொறுப்பை மட்டும் ஏற்றிவைப்பது இன்னொரு தலைச்சுமை. நடக்கச் சொல்வதற்கு முன், தெருவிளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளி மைதானத்தில் மாலையில் பெண் பிள்ளைகளுக்கும் அவர்கள் அம்மாக்களுக்கும் இடம் உண்டா என்று கேட்க வேண்டும். சடங்கான பெண்ணின் கையிலிருந்து பந்தைப் பிடுங்காமல் இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் பஞ்சாயத்திலும் பள்ளியிலும் கேட்டு வாங்கலாம். வீட்டுக்குள் கேட்க வேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது. அவள் நடந்துவிட்டு வரும் அந்த ஒரு மணி நேரத்தில், அடுப்பில் உலை வைப்பது யார்?