தெரியாது என்பது பதிலாகுமா?

பியூட் கோமகனுக்கு வயது ஆறு மாதம் ஆனபோது தந்தை இறந்தார். பட்டத்தோடும் சொத்தோடும் சேர்ந்து கார்டிஃப் சேமிப்பு வங்கியின் தலைவர் பதவியும் அந்தக் குழந்தைக்கு வந்தது. அடுத்த 38 ஆண்டுகளில் அவர் கலந்துகொண்ட நிர்வாகக் கூட்டம் ஒன்றே ஒன்றுதான். வங்கிக்குள் மோசடி நடந்து, சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களின் பணம் போன பிறகு வழக்கு வந்தது. 1892-ல் ஆங்கில நீதிமன்றம் அவரை விடுவித்தது. கூட்டத்துக்கு வந்து கடமை தவறினால் குற்றம். வராமலே இருந்தவருக்கு எதுவும் தெரியாது, ஆகவே பொறுப்பும் இல்லை என்பது அன்றைய நியாயம்.

ஆஸ்திரேலியாவின் கம்பெனிச் சட்டம் இந்த ஆங்கில மரபிலிருந்து வளர்ந்ததுதான். ஆனால் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் அந்நாட்டு நீதிமன்றங்கள் இதற்கு நேர் எதிரான இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. 1991-ல் விக்டோரியா மாநிலத்தில் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் என்ற மீட்புப்பணி அமைப்பு தொடர்பான வழக்கில் தீர்ப்பு வந்தது. அதன் தலைமை நிர்வாகி ஜான் ஃப்ரீட்ரிக் கணக்குகளைப் பொய்யாகப் புனைந்து வங்கிகளை ஏமாற்றியவர். இயக்குநர் குழுவின் தலைவரோ சம்பளம் வாங்காத கௌரவப் பதவிக்காரர். மோசடியில் அவருக்குப் பங்கில்லை. இருந்தும், அமைப்பு வாங்கிய கடனில் ஏறக்குறைய 9.7 கோடி டாலருக்கு அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது.

ஏமாற்றியவனைத் தண்டிப்பதில் யாருக்கும் குழப்பமில்லை. ஏமாற்றாதவன், ஆனால் பார்த்திருக்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டவன்: அவன் செய்தது பிழையா, வெறும் துரதிர்ஷ்டமா? தெய்வத்தின் முன்னும் மனசாட்சியின் முன்னும் மனிதர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்வி இது. ஆஸ்திரேலியாவில் அது ஐந்தொகைக் கணக்கின் ஒரு வரியைச் சுற்றி எழுந்தது.

மெல்போர்னைத் தலைமையிடமாகக் கொண்ட சென்ட்ரோ குழுமம் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வணிக வளாகங்களை வைத்திருந்தது. பெருமளவு கடனில் வாங்கிச் சேர்த்தவை. பன்னிரண்டு மாதத்துக்குள் திருப்பிக் கட்ட வேண்டிய கடனை ‘நடப்புக் கடன்’ என்ற தலைப்பில் காட்டுவது கணக்கியலில் அரிச்சுவடிப் பாடம். சென்ட்ரோவின் 2007 ஆண்டறிக்கையில் சுமார் 150 கோடி டாலர் நடப்புக் கடன் நீண்டகாலக் கடனாகக் காட்டப்பட்டிருந்தது. துணை நிதியமான சென்ட்ரோ ரீட்டெய்லின் கணக்கிலும் 50 கோடி டாலர் அப்படியே. போதாக்குறைக்கு, கணக்கு முடிந்த தேதிக்குப் பின் கொடுக்கப்பட்ட 175 கோடி அமெரிக்க டாலர் ஜாமீன் பற்றி அறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை. தணிக்கை செய்தது பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ், அவர்களும் கவனிக்கவில்லை. அந்த டிசம்பரில் கடனைப் புதுப்பிக்க முடியவில்லை என்ற செய்தி வெளியானதும், ஒரே நாளில் பங்கு விலையில் முக்கால்வாசி சரிந்தது.

ஆஸ்திரேலியப் பங்கு, முதலீட்டு ஆணையம் வழக்குப் போட்டது. இயக்குநர்கள் சொன்னவை எளிதில் ஒதுக்கிவிடக் கூடியவை அல்ல. கூட்டத்துக்கு முன் வரும் காகிதக் கட்டு மலைபோல் இருந்தது, கணக்கைத் தயாரித்தவர்கள் தேர்ந்தவர்கள், தணிக்கையாளர் சரி என்றார், நாங்கள் நம்பினோம். நீதிபதி ஜான் மிடில்டன் அவர்களை நேர்மையானவர்கள், அறிவாளிகள், அனுபவசாலிகள் என்றே ஏற்றுக்கொண்டார். ஆனாலும் 2011 ஜூனில் அவர்கள் கடமை தவறியதாகத் தீர்ப்பளித்தார். அந்தக் கடன்கள் எப்போது முதிர்கின்றன என்ற விவரம் அவர்களுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. கையெழுத்துப் போடும் முன் அறிக்கையைத் தாங்களே படித்து, தமக்குத் தெரிந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் போதும். அந்த ஒரு வேலையை மட்டும் இன்னொருவர் தலையில் கட்ட முடியாது. காகிதம் அதிகம் என்றால், தமக்கு எது எப்படி வர வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரம் குழுவின் கையில்தான் இருந்தது.

பிரிட்டிஷ் சிந்தனையாளர் டபிள்யூ. கே. கிளிஃபர்ட் 1877-ல் ‘நம்பிக்கையின் அறம்’ என்ற கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளியைக் காட்டினார். பழைய கப்பல், அதில் நாடுவிட்டு நாடு போகும் குடும்பங்கள். கப்பல் தாங்குமா என்ற சந்தேகம் முதலாளிக்கு வருகிறது. இதுவரை எத்தனையோ பயணம் போய்வந்த கப்பலாயிற்றே என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார். உண்மையாகவே நம்பவும் தொடங்கிவிடுகிறார். கப்பல் மூழ்குகிறது. அவருடைய நம்பிக்கை உண்மையானது, ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்பது கிளிஃபர்டின் வாதம். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் அதே அளவு குற்றவாளிதான் என்றும் கிளிஃபர்ட் எழுதினார். ஆஸ்திரேலியாவின் 2001 கார்ப்பரேஷன்ஸ் சட்டத்தின் 180-வது பிரிவும் இதை ஒட்டியே நிற்கிறது. அதே நிலைமையில் அதே பதவியில் இருக்கும் நியாயமான மனிதர் எவ்வளவு கவனம் காட்டுவாரோ, அதுவே அளவுகோல். முடிவெடுத்த நேரத்தில் ஆபத்து கண்ணுக்குத் தெரியக்கூடியதாக இருந்ததா என்பதே கேள்வி. நஷ்டம் வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை.

இதில் ஒரு அநீதி ஒளிந்திருக்கிறது என்போர் உண்டு. நடந்து முடிந்த பிறகு எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். இப்படி மிரட்டினால் துணிந்து தொழில் நடத்த யார் வருவார்கள்? சட்டம் இதற்கும் இடம் விட்டிருக்கிறது. விஷயத்தை விசாரித்து, சொந்த லாபம் பாராமல், நிறுவனத்தின் நலனுக்கென்று நம்பி எடுத்த வணிக முடிவு தோற்றாலும் 180-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு பாதுகாக்கும். துணிவுக்கு அங்கே மன்னிப்பு உண்டு, பாராமுகத்துக்கு இல்லை. இந்தக் கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. அறிந்துகொள்வது தன் கையில் இருந்தும் அறியாமல் இருந்தவன் அந்த அறியாமைக்கே பொறுப்பாளி என்று அரிஸ்டாட்டிலும் சொன்னார். சென்ட்ரோவின் நிர்வாகப் பொறுப்பில் இல்லாத இயக்குநர்களுக்கு மிடில்டன் அபராதம் விதிக்கவில்லை. பிழை என்று அறிவித்ததோடு நிறுத்தினார். அதுவும் நியாயமே. பிழையைப் பிழை என்று ஊரறியச் சொல்வதற்கும், பிழை செய்தவரை நொறுக்குவதற்கும் தூரம் இருக்கிறது.

ஆனால் மனம் சமாதானமாகாத வழக்கு ஒன்றும் உண்டு. ஜேம்ஸ் ஹார்டி கல்நார் பொருட்கள் தயாரித்த நிறுவனம். அதன் ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கும் அந்தத் தூசியைச் சுவாசித்தவர்களுக்கும் பல பத்தாண்டுகள் கழித்து மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வந்தது. இழப்பீட்டுக்கென்று 29.3 கோடி டாலரில் ஓர் அறக்கட்டளையைப் பிரித்து வைத்துவிட்டு, கல்நார்ச் சுமையிலிருந்து விலகிக்கொள்ள நிறுவனம் முடிவெடுத்தது. 2001 பிப்ரவரி 15 கூட்டத்தில் பங்குச் சந்தைக்கான அறிவிப்பின் வரைவு வைக்கப்பட்டது. நியாயமான எல்லாக் கோரிக்கைகளுக்கும் அந்தப் பணம் போதும் என்றது அது. அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் கலந்துகொண்ட இரண்டு இயக்குநர்களிடம் அந்தத் தாள் இல்லை. அனுப்புங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை; நான் இதில் சேரவில்லை என்றும் சொல்லவில்லை. அறிவிப்புக்கு ஒப்புதல் கொடுத்ததே இல்லை என்று இயக்குநர்கள் பின்னாளில் வாதிட்டார்கள். ஒப்புதல் தரப்பட்டதாகக் கூட்டக் குறிப்பு சொன்னது. அந்தக் குறிப்பை அடுத்த கூட்டத்தில் சரியென்று ஏற்றவர்களும் அவர்களே. 2012 மே 3 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

அந்த அறக்கட்டளைக்குத் தேவைப்பட்டது 150 கோடி டாலருக்கும் மேல் என்று 2004-லேயே கணிக்கப்பட்டுவிட்டது. நீதிமன்றம் கண்ட குற்றமோ, பணம் போதாமல் விட்டது அல்ல. போதும் என்று சந்தைக்குத் தவறாகச் சொல்வதற்கு இசைந்தது. இயக்குநரின் கடமை நிறுவனத்துக்கு உரியது. நுரையீரல் இறுகிய தொழிலாளி அந்தக் கடமையின் எல்லைக்கு வெளியே நிற்கிறார். தாளைக் கேட்டு வாங்கிப் படித்து, ‘முழுதும் போதும்’ என்ற வரியை மட்டும் அடித்திருந்தால், கல்நார் நோயாளிக்கு ஒரு காசும் கூடுதலாகக் கிடைத்திராது. அப்போதும் 180-வது பிரிவு திருப்தி அடைந்திருக்கும். கவனமாக இருப்பது அறத்தின் முதல் பாதி. யாருக்காகக் கவனம் என்ற மறு பாதியைச் சட்டம் எழுதவில்லை.

அதை வெளியே இருந்தவர்கள் எழுதினார்கள். ஜேம்ஸ் ஹார்டியின் பழைய தொழிலாளி பெர்னி பான்டன், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு ஊர்வலங்களிலும் பேச்சுவார்த்தைகளிலும் முன்னால் நின்றார். தொழிற்சங்கங்களும் நியூ சவுத் வேல்ஸ் அரசும் நெருக்கின. ஆண்டுதோறும் வரும் ரொக்க வருமானத்தில் 35 சதவீதம் வரை இழப்பீட்டு நிதிக்குத் தரும் ஒப்பந்தத்துக்கு 2007 பிப்ரவரியில் பங்குதாரர்கள் சம்மதித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், கல்நார் தந்த நோயால் பான்டன் இறந்தார்.